மண் சுவரும் மழையும்: கேள்வி பதில்

பழங்கட்டடப் பராமரிப்புத் துறையில் பணிபுரியும் ஒருவர், சிங்கப்பூர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

தெம்பனிஸ் வாசகர்: தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் பூர்வீக மண் வீட்டின் சுவர் அடியில் அரித்துக்கொண்டே போகிறது. சிமெண்ட் பூசலாமா?

பூச வேண்டாம். தரையிலிருந்து ஏறும் ஓதம் உப்பையும் உடன் கொண்டுவருகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் அந்த உப்பு படிகமாகி, மண்ணைப் பொரியவைத்து உதிர்க்கிறது. சிமெண்ட் பூச்சு ஈரத்தை எளிதில் வெளியேற விடாது என்பதால் ஓதம் மேலும் உயரும், அல்லது பூச்சுக்குப் பின்னால் தேங்கி மண்ணின் வலுவைக் குலைக்கும். வெளிப்பார்வைக்குச் சுவர் திடமாகவே தெரியும். விரலால் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும். பூச்சைப் பெயர்த்தால் உள்ளிருக்கும் மண் சேறாகக் கையோடு வரும். முதலில் சுவரோரத் தரையை வெளிப்புறமாகச் சரித்து நீர் ஓட வழி செய்யுங்கள். கூரையின் இறவாணத்தை, அதாவது சுவரைத் தாண்டி நிற்கும் விளிம்பை, நீட்டுங்கள். பிறகு அரித்த இடத்தில் வைக்கோல் கலந்து புளிக்கவைத்த மண்ணைப் பூசுங்கள். அந்தப் பூச்சு தேய்வதற்காகவே இருக்கிறது. அது தேய்ந்தால் சுவர் பிழைக்கும்.

உட்லண்ட்ஸ் வாசகி: பெரு நாட்டின் சான் சான் என்ற பழைய மண் நகரம் பாலைவனத்தில்தானே இருக்கிறது, அதற்கு மழையால் என்ன ஆபத்து?

சுடாத செங்கல்லால் எழுந்த அந்த நகரம், சிமு என்ற பழைய அரசின் தலைநகரம்; அது 1986ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலிலும் ஒருசேர இடம்பெற்றது. வழக்கமாக அங்கு மழை மிகக் குறைவு. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் கொட்டும் மழையை அந்தச் சுவர்கள் தாங்குவதில்லை.

ஈசூன் வாசகர்: நீர்த்தடுப்பு ரசாயனம் தெளித்தால்?

மேற்பரப்பு இறுகித் தோலாக உரியும். முதல் பதிலைப் படியுங்கள்.

சிராங்கூன் வாசகர்: மாலி நாட்டின் ஜென்னே பள்ளிவாசலுக்கு ஆண்டுதோறும் புதிய மண் பூசுகிறார்கள். அப்படியானால் அதைப் பழைய கட்டடம் என்று எப்படிச் சொல்வது? கூரை போட்டு மூடிவிடலாமே?

கூரை போட வேண்டும் என்று இவரைப் போலவே வேறு பல வாசகர்களும் எழுதியிருப்பதால் விரிவாகச் சொல்கிறேன். இன்றைய கட்டடம் 1907இல் முடிந்தது. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகளில் ஏறி நின்று ஊரார் கூடிப் பூசுகிறார்கள். கட்டும்போதே பராமரிப்புக்கும் இடம் வைத்திருக்கிறார்கள் என்பதை இந்தக் கட்டைகள் காட்டுகின்றன. அமெரிக்காவின் காசா கிராண்டே என்ற பழைய மண் கட்டடத்துக்குக் கூரை போட்டதை எடுத்துக்காட்டிய வாசகருக்கு: 1932இல் அதன்மேல் கூரை எழுப்பியது சரியே, ஏனெனில் அது கைவிடப்பட்ட இடிபாடு, பூசுவதற்கு அங்கு ஊர் இல்லை. தொழுகை நடக்கும் ஜென்னேயில் பூசும் கைகள் இருக்கின்றன. ஆனால் பூசினால் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் அதையும் நான் ஏற்கவில்லை. 2009 நவம்பரில் பெருமழைக்குப் பின் அதன் கோபுரமொன்றின் மேற்பகுதி சரிந்தது. ஆண்டுகள்தோறும் ஏறிய பூச்சு சுமையாகும்; அவ்வப்போது சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் பூச வேண்டும்.

பூகிஸ் வாசகி: கம்போங் கிளாம் கடைவீடுகள்?

அவை செங்கல்லும் சுண்ணாம்பும். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பாதுகாப்பு வழிகாட்டிகளைப் பாருங்கள்.

ஜூரோங் வாசகர்: மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து பூசினால்?

மறுபடியும் சிமெண்ட். பழைய மண் சுவரின் மேல் வேண்டாம். புதுப் பூச்சு சுவரைவிடக் கடினமாக இருந்தால் சுவர்தான் முதலில் உதிரும். ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை போய், கூரை ஒழுகுகிறதா, சுவரடியில் நீர் தேங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு எனக்கு எழுதுங்கள்.