ஒற்றைக் காது இயர்போன்

கேள்வி: சோமனூர் பக்கம் தறிக் குடோன் வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் எந்நேரமும் ஒரு காதில் இயர்போனோடு திரிகிறான். எல்லாம் குடியைக் கொண்டாடும் பாட்டு, பெண்களை மட்டம் தட்டும் பாட்டு. போன வாரம் அதில் ஒரு வரியைச் சொல்லித் தங்கையைக் கேலி செய்ததில் பாப்பா அழுதுவிட்டாள். போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. பாட்டு பிள்ளையைக் கெடுத்துவிடுமா?

பதில்: ‘கெடுத்துவிடும்’ என்று நான் எழுதினால், போனைப் பிடுங்கியது சரிதான் என்று நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். விஷயம் அவ்வளவு எளிதில்லை.

2003-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடந்த சோதனைகளில், வன்முறை வரிகள் உள்ள பாட்டைக் கேட்டவர்களுக்குப் பகையுணர்வும் முரட்டு எண்ணங்களும் கூடியது தெரிந்தது. ஆனால் அது கேட்ட சூட்டோடு எடுத்த அளவு. குணமே மாறிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

உங்கள் கவலைக்கு நெருக்கமானது 2006-இல் அங்கே வெளியான இன்னொரு ஆய்வு. 12 முதல் 17 வயது வரையுள்ள 1,461 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்தார்கள். பெண்ணை வெறும் உடம்பாகப் பேசும் பாட்டுகளை அதிகம் கேட்டவர்கள், மற்றவர்களைவிடச் சிறு வயதிலேயே பாலுறவில் இறங்கியிருந்தார்கள். பாலுறவைப் பாடினாலும் யாரையும் இழிவுபடுத்தாத பாட்டுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. பாட்டுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளே அப்படிப்பட்ட பாட்டைத் தேடியிருக்கலாம். என்றாலும் எந்தப் பாட்டின் மேல் கண் வைக்க வேண்டும் என்பது தெரிகிறது அல்லவா? நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். பையன் காதல் பாட்டு கேட்டால் பதறுகிறோம். பெண்ணைத் திட்டும் பாட்டுக்குக் கல்யாண மண்டபத்தில் நாமே தாளம் போடுகிறோம்.

தனியாகக் கேட்கும் பாட்டைவிடக் கூட்டத்தில் கேட்கும் பாட்டையே நான் பெரிதாக நினைக்கிறேன். கோயில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டியதும் ஊரில் ஸ்பீக்கர் கட்டுகிறார்களே, நள்ளிரவில் அதில் சாதிப் பெருமையும் அரிவாளுமாகப் பாட்டு ஓடும்போது முன்வரிசையில் ஆடுவது இந்த வயதுப் பையன்கள்தான். சுற்றி நின்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். இதெல்லாம் ஊர் ஒப்புக்கொண்டது என்று பிள்ளைக்குச் சொல்வது அந்தச் சிரிப்புதான். குடிப் பாட்டும் அப்படியே. வீட்டில் யாரும் குடிக்காதபோது அது வெறும் பாட்டு. சித்தப்பா வாரம் தவறாமல் குடித்துவிட்டு வந்து விழுகிற வீட்டில் அதற்குக் கூடுதல் பலம்.

இனி செய்ய வேண்டியது. போனைத் திருப்பிக் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் அது கூடத்தில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும் நேரத்தில் அவனுக்குப் பிடித்த மூன்று பாட்டைப் போடச் சொல்லி முழுதாகக் கேளுங்கள். இசை நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். பிறகு ஒரு வரியை எடுத்து, ‘இது என்ன சொல்கிறது தம்பி?’ என்று மட்டும் கேளுங்கள். தாளத்துக்காகக் கேட்கிற பையன்கள் பலர் வரியைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். தறிச் சத்தத்துக்கு மேல் இயர்போன் சத்தத்தைக் கூட்டுவதை மட்டும் உடனே நிறுத்துங்கள். குடோன் இரைச்சலே 85 டெசிபெல்லைத் தாண்டும். ஒழுக்கம் கெடுகிறதோ இல்லையோ, காது நிச்சயம் கெடும்.

தூக்கம் போய், பள்ளிக்கு மட்டம் போட்டு, பழைய நண்பர்களையும் விட்டு விலகினால் அது பாட்டு விவகாரம் இல்லை. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

தங்கையைக் கேலி செய்ததைப் பாட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். அந்த வார்த்தையைச் சொன்னது அவன். பாப்பாவிடம் அவனே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். போன் கைக்கு வருவதற்கு முன்பே.