கல்லான சிசு: கடிதம்

அன்புள்ள ஐயா,

வயிற்றில் கல்லாகிப்போன குழந்தையோடு, அது தெரியாமலேயே 28 வருடம் ஒரு பெண் வாழ்ந்தார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அம்மாவிடம் காட்டினால் ‘சும்மா கதை விடுறான்’ என்கிறார். இப்படியெல்லாம் நடக்குமா?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

நடக்கும். அந்தத் ‘தெரியாமலேயே’தான் கதை.

28 வருடம் என்றால் அது பிரான்ஸில் சான்ஸ் என்ற ஊரில் வாழ்ந்த கொலோம்ப் சாத்ரியாக இருக்க வேண்டும். தையற்காரரின் மனைவி. 1554இல், நாற்பது வயதில் உண்டானார். வலி வந்தது, பனிக்குடம் உடைந்தது, பிள்ளை மட்டும் வரவில்லை. மூன்று வருடம் படுத்த படுக்கை. அப்புறமும் சாகும்வரை வயிற்றில் கெட்டியான கட்டி. 1582இல் அவர் இறந்த பிறகுதான் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். இத்தனையும் பட்டவருக்கா தெரியாது? வைத்தியம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

கரு அபூர்வமாகக் கருப்பைக்கு வெளியே, வயிற்றுக்குழிக்குள் வளர்ந்துவிடும். மூன்று மாதம் தாண்டி வளர்ந்து இறந்தால் அதைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ள உடம்பால் முடியாது. கிருமித்தொற்றும் இல்லையென்றால் சுண்ணாம்புச்சத்து படிந்து படிந்து இறுகிப்போகும். தாயைக் காப்பாற்ற உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு என்றுகூடச் சொல்லலாம். மருத்துவ ஏடுகளில் இதுவரை பதிவானவை சுமார் 300தான்.

சாத்ரியின் கல் சிசு பல கை மாறி, 1653இல் வெனிஸ் ரத்தின வியாபாரி ஒருவரிடமிருந்து டென்மார்க் அரசர் மூன்றாம் ஃபிரெடரிக்கிடம் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கேயே எங்கோ தொலைந்துவிட்டது. எனக்கு அதைவிட மொராக்கோ பெண் ஒருவரின் கதைதான் முக்கியமாகப் படுகிறது. 1955இல் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர், அங்கே இன்னொரு பெண் சிசேரியனில் இறந்ததைப் பார்த்துப் பயந்து வீட்டுக்கு ஓடிவந்துவிட்டார். வலி நின்றது. தாயின் மானம் காக்கப் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே தூங்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. தூங்குகிறது என்றே இவரும் இருந்தார். மூன்று பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். 46 வருடம் கழித்து மறுபடி வலி வந்தபோதுதான் ஸ்கேன், அறுவை சிகிச்சை எல்லாம்.

இன்று ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுத்தால் கரு எங்கே தங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கல்லாவது அபூர்வம், சரி. ஆனால் கருக்குழாயில் கரு தங்கி, குழாய் வெடித்து உயிருக்கு ஆபத்தாவது அப்படியல்ல. நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் கடும் வலியோ, ரத்தப்போக்கோ, மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்.