1,200 சொல் மனப்பாடம் ஆகியும் எழுத வரவில்லை: என்ன செய்வது?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா விவசாயி. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது பி.இ. முடித்துவிட்டு, வெளிநாட்டில் எம்.எஸ். சேர ஜிஆர்இ தேர்வுக்குத் தயாராகிறேன். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு 1,200 சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு மனப்பாடம் செய்தேன். ஒரே வாரத்தில் பாதி மறந்துபோகிறது. மறக்காத சொல்லும் எழுதும்போது கைக்கு வருவதில்லை. வந்தாலும் தப்பாகிவிடுகிறது. விண்ணப்பக் கட்டுரையில் ‘ஐ ஹெய்ல் ஃப்ரம் எ பெனியூரியஸ் ஃபேமிலி’ என்று எழுதியிருந்தேன். படித்த சீனியர் அக்கா சிரித்துவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. கிராமத்தில் படித்த எனக்கு இதெல்லாம் வரவே வராதா?

பதில்: அக்கா சிரித்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெனியூரியஸ் என்றால் பரம ஏழை என்று உங்கள் பட்டியலில் போட்டிருக்கும். அது சரிதான். ஆனால் அதே சொல்லுக்குக் கஞ்சத்தனமான என்றும் ஓர் அர்த்தம் உண்டு. நீங்கள் அப்பாவின் கஷ்டத்தைச் சொல்ல நினைத்தீர்கள். படிப்பவருக்கோ குடும்பமே எச்சில் கையால் காக்கை ஓட்டாத குடும்பமாகத் தெரிந்திருக்கும். அந்த இடத்தில் ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதும் தொடர் ‘எ ஃபேமிலி ஆஃப் மாடஸ்ட் மீன்ஸ்’. என்னைக் கேட்டால் அதுகூட வேண்டாம். அப்பா எத்தனை மா நிலத்தில் சாகுபடி செய்கிறார், எந்த வருஷம் தண்ணீர் வராமல் குறுவை போட முடியாமல் போனது என்று எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுங்கள். அதைப் படிக்கிறவர் மறக்க மாட்டார்.

பட்டியல் உங்களுக்குச் சொல்லின் அர்த்தத்தைக் கொடுத்தது, அது எந்தச் சொல்லோடு சேரும் என்பதைக் கொடுக்கவில்லை. தமிழில் இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கதிரை அறுக்கிறோம், கரும்பை வெட்டுகிறோம், பூவைப் பறிக்கிறோம், கீரையைக் கிள்ளுகிறோம். எல்லாம் செடியிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்கும் வேலைதான். இருந்தும் ‘மல்லிகைப் பூவை அறுத்து வா’ என்று ஒருவர் சொன்னால் அவர் தமிழைப் புத்தகத்தில் கற்றவர் என்று உடனே தெரிந்துவிடும். ஆங்கிலமும் அப்படித்தான். நமக்குப் பலத்த மழை, பலத்த காற்று இரண்டுக்கும் ஒரே சொல் போதும். அங்கே மழை ஹெவி, காற்று ஸ்ட்ராங். ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதினால் இடிக்கும். கோபியஸ் என்றால் ஏராளமான என்று படித்திருப்பீர்கள். கோபியஸ் நோட்ஸ் உண்டு, கோபியஸ் டியர்ஸ் உண்டு. திருவிழாக் கூட்டத்தைக் கோபியஸ் பீப்பிள் என்று சொல்ல முடியாது.

ஜிஆர்இ தேர்வும் இப்போது இதைத்தான் சோதிக்கிறது. எதிர்ச்சொல் கேட்பதும் சொல்லிணை (அனாலஜி) கேட்பதும் 2011-இலேயே எடுக்கப்பட்டுவிட்டன. இப்போது வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். அல்லது ஆறு சொற்களில், எதைப் போட்டாலும் வாக்கியம் ஒரே பொருள் தரும் இரண்டைப் பொறுக்க வேண்டும். வாக்கியத்துக்குள் வைத்துப் பழகாத சொல் இங்கே கைகொடுக்காது.

அப்படியானால் சொற்களை எப்படிச் சேர்ப்பது? குடும்பம் குடும்பமாகச் சேருங்கள். நீங்கள் ஆற்றுப்பாசனத்தில் வளர்ந்தவர், அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். லத்தீனில் ‘ரீவுஸ்’ என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் இருவரில் ஒருவர் மற்றவருக்கு ரைவல். இன்று போட்டியாளர் என்று பொருள்படும் சொல்லின் பிறப்பு இதுதான். வாய்க்கால் தலைப்பில் மடை திறக்கும் நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் மறக்குமா? அதே ஓடையிலிருந்து தண்ணீரைப் பிரித்துக் கொண்டுபோவதுதான் டிரைவ். வண்டி ஓட்டும் டிரைவ் இல்லை, ஒன்றிலிருந்து ஒன்றைப் பெறுவது, வருவிப்பது என்ற டிரைவ். காவிரியிலிருந்து வெண்ணாறு பிரிவதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ரீபா’ என்றால் கரை. அதிலிருந்து வந்ததுதான் ரிபேரியன், அதாவது ஆற்றங்கரை சார்ந்த. காவிரி வழக்கைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் ‘லோயர் ரிபேரியன் ஸ்டேட்’ என்று வருமே, அது நாம்தான். கரை சேர்வதுதான் அரைவ்.

‘உண்டா’ என்றால் அலை. அலைபோல் ஏறி இறங்குவது அண்டுலேட். வழிந்தோடும் அளவு இருப்பது அபண்டன்ட். தேவைக்கு மேல் வழிந்து வீணாவது ரிடன்டன்ட். ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் மூழ்கினால் செய்தியில் இனண்டேட்டட் என்று போடுவார்கள். அதே சொல், தேர்வு முடிவு வந்த அன்று அலுவலகத்துக்கு ஓயாமல் போன் வந்தாலும் பொருந்தும்: ‘இனண்டேட்டட் வித் கால்ஸ்’. இந்த இரண்டு வாக்கியமும் உங்கள் நோட்டில் இருந்தால் இனண்டேட் உங்கள் சொல். ஃப்ளூயன்ட், கான்ஃப்ளூயன்ஸ், சூப்பர்ஃப்ளுவஸ், மெல்லிஃப்ளுவஸ் எல்லாம் பாய்தல் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இவற்றை நீங்களே அகராதியில் தேடி எழுதிப் பாருங்கள். நான் சொல்லிக் கேட்பதைவிட மனதில் நிற்கும்.

வேரை மட்டும் நம்பி அர்த்தம் ஊகிக்காதீர்கள். எனர்வேட் என்றதும் எனர்ஜி நினைவுக்கு வரும். ஆனால் அதன் பொருள் சோர்ந்துபோகச் செய்வது. நாய்சம் என்பதற்கும் நாய்ஸுக்கும் சம்பந்தமில்லை. குமட்டும் நாற்றத்துக்குச் சொல்வது அது. வேர் ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான். அர்த்தத்துக்கு அகராதிதான். அதுவும் ஆங்கிலத்துக்கு எளிய ஆங்கிலத்திலேயே விளக்கம் தரும் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அர்த்தத்தோடு நிறுத்தாமல் கீழே இருக்கும் உதாரண வாக்கியங்களைப் படியுங்கள். சரக்கு அங்கேதான் இருக்கிறது.

படிப்பது எதை? ஆங்கிலப் பேப்பரின் தலையங்கத்தைப் படி என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். வரிக்கு மூன்று சொல் தெரியாமல் தலையங்கம் படிப்பது, கல்லும் முள்ளுமான வழியில் செருப்பில்லாமல் நடப்பது போல. ஒரு பத்தியை எடுத்து ஐம்பது சொல் எண்ணுங்கள். அதில் தெரியாதது ஒன்று என்றால் அந்தக் கட்டுரை உங்களுக்கானது. மொழியியலாளர் பால் நேஷனின் கணக்கும் இதுதான்: நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருந்தால் மீதியைத் துணையில்லாமல் ஊகிக்கலாம். முதலில் உங்களுக்கு விஷயம் தெரிந்த செய்திகளை எடுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். ஆங்கிலச் செய்தியில் அதைக் ‘கஸ்டமரி டேட்’ என்பார்கள். கடைமடையை ‘டெயில் எண்ட் ஏரியாஸ்’ என்று எழுதுவார்கள். விஷயம் கையில் இருப்பதால் சொல் தானாக விளங்கும்.

எம்.எஸ். போகிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவெரில் காக்ஸ்ஹெட் என்பவர் 2000-இல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்டில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. எல்லாத் துறைப் புத்தகங்களிலும் திரும்பத் திரும்ப வருபவை. அரிய சொற்களைத் தேடும் முன் இவற்றை முடியுங்கள். தினம் ஐந்து என்றால் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

இனி மறதி. கற்றது எவ்வளவு சீக்கிரம் வடிந்துபோகிறது என்று 1885-இலேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து எழுதினார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடும். ஆகவே வாரத்தில் பாதி மறந்தது உங்கள் மூளையின் குறை இல்லை அம்மா. ஒரே நாளில் வயலில் கழுத்தளவு தண்ணீர் கட்டினால் பயிர் அழுகும்; முறை வைத்து விட்டால் தேறும். இன்று கற்றதை நாளை பாருங்கள், பிறகு மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, பதினைந்து நாள் கழித்து, மாதம் கழித்து.

இதற்குக் கார்டு போதும். வீட்டில் சேரும் கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள். நீங்கள் படித்த வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல்லின் இடத்தைக் காலியாக விடுங்கள். பின்பக்கம் சொல், அதோடு சேரும் இரண்டு சொல், உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைப் பற்றி நீங்களே எழுதிய வாக்கியம். திருப்பிப் பார்க்கும் முன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நினைவிலிருந்து இழுக்கும் அந்தச் சில விநாடிச் சிரமம்தான் சொல்லை நிறுத்திவைக்கிறது. போனில் வேண்டுமென்றால் ஆங்கி (Anki) என்ற கார்டு செயலி இதையே செய்யும். ஆனால் கையால் எழுதும் சொல்லின் எழுத்துக்கூட்டல் தப்புவதில்லை என்பது என் வகுப்புகளில் நான் பார்த்தது.

கிராமத்தில் படித்தவளுக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் போகும் பக்கத்தில்தான் வலங்கைமான். 1869-இல் அங்கே ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் கும்பகோணத்தில் படித்தார், பள்ளி ஆசிரியரானார். பிறகு ஆங்கிலேயர்களே அவர் ஆங்கிலத்தைக் கேட்டு வெள்ளி நாவினர் என்றார்கள்.

அந்த 1,200 சொல் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். மேஜை மேல் இருக்கட்டும். படிக்கும்போது அதிலுள்ள சொல் ஒன்று கண்ணில் பட்டால் பட்டியலில் ஒரு டிக் போடுங்கள். இரண்டு டிக் விழுந்த சொல்லுக்கு மட்டும் கார்டு எழுதுங்கள்.