சில்வர்மூன் யார் பக்கம்? வார்கிராஃப்ட் எல்ஃப்கள்: கேள்வி பதில்

வார்கிராஃப்ட் கணினி விளையாட்டில் மனிதர்களின் அலையன்ஸை விட்டு எதிரணியான ஹோர்டுக்குப் போன பிளட் எல்ஃப்களைப் "பச்சோந்திகள்" என்று யாரோ எழுதப்போய், போன வாரம் இங்கே பெரிய ரகளை. ஆளாளுக்குத் தனியாகப் பதில் எழுத எனக்கு முடியவில்லை. கேள்விகளை மொத்தமாகப் போடுங்கள் என்றேன், போட்டுவிட்டீர்கள். வார்கிராஃப்ட் 3 காலத்திலிருந்து ஆடுகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. கதை தெரியாமல் ஆட விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும்.

கேள்வி: அண்ணா, நான் புதுசு. எல்ஃப்னா வில்லும் அம்புமா காட்டுல நிக்கிற நல்லவங்கன்னு நினைச்சேன். பிளட் எல்ஃப் எடுத்து ஆரம்பிச்சா, கடைசியில ஓர்க் ஊர்ல கொண்டு போய் விடுது. இது எப்படி?

ஒரு ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி: 2007 ஜனவரி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் பர்னிங் க்ரூசேட் எக்ஸ்பான்ஷன் (கூடுதல் பாகம்) வந்தது, பிளட் எல்ஃப்கள் ஓர்க்குகளின் அணியான ஹோர்டில் சேர்ந்தார்கள். 1995இல் வந்த வார்கிராஃப்ட் 2இல் இதே இனம் மனிதர்களின் அலையன்ஸில் இருந்தது. வில்லாளிகளும் அவர்கள்தான், டெஸ்ட்ராயர் கப்பலும் அவர்களுடையது. இந்த 12 ஆண்டு இடைவெளியில் நடந்ததுதான் மொத்தக் கதையும். கீழே ஒவ்வொன்றாக வரும்.

கேள்வி: ஹை எல்ஃப் வேற, பிளட் எல்ஃப் வேறயா?

ஒரே இனம், ஒரே ரத்தம். அன்டெட் (நடமாடும் பிணங்கள்) படையோடு வந்த ஆர்தஸின் படையெடுப்பில் செத்தவர்கள் நினைவாக இளவரசர் கேல்தாஸ் தன் மக்களுக்கு வைத்த பெயர்தான் சின்டோரேய், அதாவது ரத்தத்தின் பிள்ளைகள். அந்தப் பெயரை ஏற்காமல் பழைய பெயரோடு நின்ற சிறு கூட்டம் இன்னும் ஹை எல்ஃப் என்றே இருக்கிறது. ஹிண்டர்லேண்ட்ஸில் குவெல்டானில் என்று ஒரு குடியிருப்பு உண்டு, போய்ப் பாருங்கள். பழைய அலையன்ஸ் நட்பை விடாதவர்கள்.

கேள்வி: எல்ஃப் நாடான குவெல்தாலஸ் அலையன்ஸில் மனசார இருந்ததே இல்லை, கடனுக்காகத்தான் வந்தார்கள் என்று படித்தேன். சரியா?

பெரும்பாலும் சரி. சுமார் 2,800 ஆண்டுகளுக்கு முன்பு அமானி ட்ரோல்கள் எல்ஃப்களை நெருக்கியபோது அரதி மனிதர்களும் அவர்கள் மன்னர் தோராடினும் உதவிக்கு வந்தார்கள். பதிலுக்கு எல்ஃப்கள் 100 மனிதர்களுக்கு மந்திரம் கற்றுக்கொடுத்தார்கள், தோராடினின் வம்சத்துக்கு நன்றிக்கடனும் பட்டார்கள். ஓர்க்குகளோடு நடந்த இரண்டாம் போரில் அந்த வம்சத்தின் கடைசி வாரிசான லோதார் வந்து கையேந்தியபோது எல்ஃப் மன்னர் அனஸ்டேரியன் தட்ட முடியாமல் கொஞ்சம் படை அனுப்பினார். கொஞ்சம்தான். அலேரியா என்ற எல்ஃப் வில்லாளி மாதிரி சிலர்தான் முழு மனதோடு போனவர்கள்.

ஓர்க்குகள் சிவப்பு டிராகன்களைக் கொண்டு குவெல்தாலஸ் காடுகளைக் கொளுத்திய பிறகுதான் அனஸ்டேரியன் முழுமூச்சாக இறங்கினார். போர் முடிந்ததும், மனிதர்களின் தலைமை சரியில்லாததால்தான் எங்கள் காடு எரிந்தது என்று சொல்லி அலையன்ஸை விட்டு விலகினார். நாங்கள் வராவிட்டால் மொத்தமும் போயிருக்கும் என்று மனிதர்களின் மன்னர் டெரனாஸ் நினைவூட்டினார். இருவர் சொன்னதும் உண்மை, அதனால்தான் பேச்சு மேலே நகரவில்லை.

கேள்வி: எல்லாத்துக்கும் காரணம் அலையன்ஸ் தளபதி காரிதோஸ் ஒருத்தன்தானே? அவன் மட்டும் மனுஷனா நடந்திருந்தா இன்னைக்கு பிளட் எல்ஃப் அலையன்ஸ்ல இருந்திருப்பாங்க.

நானும் பல வருடம் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நடந்ததை முதலில் பார்ப்போம். வார்கிராஃப்ட் 3இல் ஆர்தஸ் அன்டெட் படையோடு குவெல்தாலஸுக்குள் நுழைகிறான். மந்திரவாதி கெல்துஸாட்டை உயிர்ப்பிக்க அவனுக்கு சன்வெல் என்ற மந்திர ஊற்று வேண்டும். உள்ளேயிருந்து டார்கான் என்பவன் காட்டிக்கொடுக்கிறான். மன்னர் செத்தார், படைத்தலைவி சில்வானஸ் செத்து ஆவியாக எழுப்பப்பட்டாள், மக்களில் 10இல் 9 பேர் போய்விட்டார்கள். ஊற்றும் கறைபட்டது. அந்த மந்திரத்தைக் குடித்தே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த இனம் அது. தண்ணீரை நிறுத்தினால் பயிருக்கு என்ன ஆகுமோ அதுதான் அவர்களுக்கும் ஆனது.

எஞ்சியவர்களைத் திரட்டிக்கொண்டு கேல்தாஸ் அலையன்ஸ் தளபதி காரிதோஸிடம்தான் வந்தார். இதை யாரும் மறக்கக் கூடாது. அவர் முதலில் தட்டிய கதவு மனிதர்களுடையது. காரிதோஸ் கண்காணிப்புக் கோபுரங்களைப் பழுதுபார்க்கச் சொன்னார். எதிரி வந்தபோது குதிரைப்படையையும் காலாட்படையையும் திரும்ப வாங்கிக்கொண்டு எல்ஃப்களை மட்டும் முன்னால் நிறுத்தினார். நாகா என்ற கடல்பாம்பு இனத்தின் தலைவி வாஷ் உதவிக்கு வந்தாள், கேல்தாஸ் ஏற்றுக்கொண்டார். அதற்குத் துரோகி என்று பெயர் சூட்டி மந்திரவாதிகள் நகரமான டலரானின் சிறையில் அடைத்து மரண தண்டனை. வாஷ்தான் மீட்டு அவுட்லேண்ட் என்ற வேற்றுலகுக்கு, அரக்க வேட்டையாளன் இலிடனிடம் கூட்டிப்போனாள்.

காரிதோஸின் ஊர் இரண்டாம் போரில் ஓர்க்குகளால் அழிந்தது, படைகள் எல்ஃப்களைக் காக்கப் போயிருந்த நேரத்தில். அந்தக் கணக்கைத்தான் அவர் கேல்தாஸிடம் தீர்த்தார். இந்த ஒரு தகவல் தெரிந்த பிறகு எனக்கு அவர் மேல் இரக்கம் வந்ததா என்றால் இல்லை. ஆனால் அவர் ஒருவரின் கொழுப்பு மட்டுமே காரணம் என்று சொல்வதை விட்டுவிட்டேன். அவர் இல்லாவிட்டாலும் டெரனாஸ் காலத்துக் கசப்பு இன்னொரு ஆள் வழியாக வெளியே வந்திருக்கும். (சில்வானஸ் பிறகு காரிதோஸை வைத்து வேலை வாங்கிக்கொண்டு கொல்ல உத்தரவிட்டாள். அந்தக் கட்டத்தில் கைதட்டாதவர் யாராவது இருந்தால் கை தூக்கவும்.)

கேள்வி: ஊரை அழிச்சது அன்டெட். அப்புறம் அதே அன்டெட் கூட எப்படி ஒரே கட்சியில உட்கார முடியுது? லாஜிக்கே இல்லையே.

ஃபர்சேகன் என்பவர்கள் ஆர்தஸின் பிடியிலிருந்து விடுபட்ட அன்டெட். அவர்கள் தலைவி சில்வானஸ், எல்ஃப்களின் தலைநகர் சில்வர்மூனைக் காத்து அதே போரில் செத்தவள். குவெல்தாலஸின் கோஸ்ட்லேண்ட்ஸில் டிரான்குவிலியன் ஊருக்குப் படை அனுப்பியது அவள்தான். அலையன்ஸ் அனுப்பியது யாரை? ஈவர்சாங்கில் ஆன்வில்வார்டு என்ற ட்வார்ஃப், விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்திருப்பார். ஒற்றர் என்று நாமே கண்டுபிடிக்கிறோம். கோஸ்ட்லேண்ட்ஸில் நைட் எல்ஃப் ஒற்றர்களும் உண்டு.

டார்கானைக் கொன்று தலையை எடுத்துவந்தால், சில்வர்மூனில் ஆட்சி நடத்தும் லோர்தேமார் உங்களைச் சில்வானஸிடம் அனுப்புவார், அவள் ஹோர்டின் தலைவர் த்ராலிடம். படிக்காமல் அடுத்து அடுத்து என்று தட்டிவிட்டு, பிறகு லாஜிக் இல்லை என்கிறோம்.

கேள்வி: லோர் (கதை) எல்லாம் சாக்கு. ஹோர்டுல அழகான இனம் இல்ல, ஆள் சேரல, அதனால கேம் கம்பெனி பிளிசார்டு எல்ஃபைத் தூக்கிப் போட்டாங்க. ஒத்துக்கோங்க.

ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முன்பு ஆட்ட வகுப்புகளில் பாலடின் அலையன்ஸுக்கு மட்டும், ஷாமன் ஹோர்டுக்கு மட்டும். 2007இல் பிளட் எல்ஃப் வழியாகப் பாலடின் ஹோர்டுக்குப் போனது, ட்ரெனாய் என்ற இன்னொரு புது இனம் வழியாக ஷாமன் அலையன்ஸுக்கு வந்தது. இது கணக்குப் பார்த்துச் செய்த வேலை. அந்தக் கணக்குக்குக் கதை எழுதச் சொன்னபோது 2003இல் கேல்தாஸ் பட்ட அவமானம் ஏற்கெனவே கையில் இருந்தது. அதனால்தான் ஒட்டுப்போட்டது தெரியவில்லை. ட்ரெனாய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, தையல் இன்னும் தெரிகிறது.

கேள்வி: கேல்தாஸ் தன் மக்களையே விற்றாரே, அவர் பின்னால் போனவர்கள்?

பர்னிங் லீஜன் என்ற அரக்கப் படையின் கில்ஜேடனோடு அவர் சேர்ந்ததும் கூட்டம் உடைந்தது. அவுட்லேண்டில் ஷட்ராத் நகரைப் பிடிக்க அவர் அனுப்பிய படையின் தலைவர் வோரெந்தால், நகர வாசலிலேயே ஆயுதத்தைக் கீழே வைத்தார். நீங்கள் ரெப்யூட்டேஷன் ஏற்றும் ஸ்க்ரையர்ஸ் அவர்கள்தான். சில்வர்மூனில் பிளட் நைட்கள் என்ற பாலடின் படையினர் ம்யூரு என்ற நாருவைக் (ஒளியால் ஆன உயிர்) கட்டிவைத்து அதன் ஒளியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கேல்தாஸ் அதையே தூக்கிக்கொண்டு போனதும் அவர்கள் தலைவி லியாட்ரின் அவரைக் கைவிட்டு ஷட்ராத்தில் போய் நின்றாள். 2008இல் சன்வெல் ரெய்டு (கூட்டாகப் போகும் பெரிய சண்டை) முடிவில், அதே ம்யூருவின் எஞ்சிய ஒளியைக் கொண்டு ஊற்றைச் சுத்தம் செய்தவர் வேலன். அவர் அலையன்ஸ் ட்ரெனாய்களின் தலைவர். இதற்குச் சில்வர்மூன் பெரிதாக நன்றி காட்டியதாக எனக்கு நினைவில்லை.

கேள்வி: டலரான் விவகாரத்தில் ஜெய்னா செய்தது சரி என்பது என் கட்சி. தெராமோர் மேல் குண்டு போட்டவர்களுக்கு உதவியது ஒரு சன்ரீவர். மணியைத் திருடியதும் டலரான் போர்ட்டல் வழியாக. வேறென்ன செய்வாள்?

தெரியாதவர்களுக்கு: 2012, பண்டேரியா எக்ஸ்பான்ஷன். ஜெய்னா அலையன்ஸ் பக்க மந்திரவாதி, தெராமோர் அவள் ஊர். காரோஷ் அப்போதைய ஹோர்டு தலைவன். டலரானில் குடியிருந்த பிளட் எல்ஃப்கள் சன்ரீவர்கள். அவர்களில் சிலர் துணையோடு காரோஷின் ஆட்கள் நைட் எல்ஃப் நகரான டார்னாசஸிலிருந்து டிவைன் பெல் என்ற மந்திர மணியைத் திருடினார்கள். ஜெய்னா சன்ரீவர் எல்லோரையும் விரட்டினாள், எதிர்த்தவர்கள் செத்தார்கள், மற்றவர்கள் சிறையில்.

உங்கள் கோபம் நியாயம். தெராமோரை இழந்தவளிடம் நிதானம் எதிர்பார்ப்பது சுலபமான பேச்சு. ஆனால் கடைக்காரன், மாணவன் என்று பார்க்காமல் ஊரையே குற்றவாளியாக்கினாள். அதே நேரத்தில் லோர்தேமார், அலையன்ஸுக்குத் திரும்புவது பற்றி அலையன்ஸ் மன்னர் வேரியனோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். காரோஷோடு இருக்க முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஜெய்னாவின் வேலை அந்தப் பேச்சைக் கொன்றது. வேரியன் அவளைத் திட்டுகிற காட்சியைப் பாருங்கள், எதிரியை ஒடுக்கியதற்காக ஒரு மன்னர் தன் கூட்டாளியிடம் கத்துகிறார். காரிதோஸ் செய்ததை நல்ல காரணத்தோடு, நல்ல ஆள் செய்தாள், விளைவு அதேதான். பிறகு லோர்தேமார் ஹோர்டுக்குள்ளேயே இருந்து காரோஷைக் கவிழ்க்க உதவினார்.

கேள்வி: நைட் எல்ஃப்?

அவர்கள் அலையன்ஸுக்கு வந்தது ஓர்க்குகள் மேல் உள்ள வெறுப்பால். ஆஷன்வேலில் மரம் வெட்டி, காட்டுத் தேவன் செனாரியஸைக் கொன்றது ஓர்க் தலைவன் க்ரோமின் கூட்டம். அவர்களுக்கும் பிளட் எல்ஃப்களுக்கும் உள்ளது பங்காளிச் சண்டை: 10,000 ஆண்டுகளுக்கு முன்பு நைட் எல்ஃப் அரசி அஸ்ஷாராவின் ஹைபோர்ன் (மேட்டுக்குடி) கூட்டம் மந்திரத்தால் லீஜனை வரவழைத்தது, தப்பிப் பிழைத்த ஹைபோர்ன்களில் மந்திரத்தை விட மறுத்தவர்களை நைட் எல்ஃப்கள் நாடு கடத்தினார்கள். அப்படிப் போனவர்கள் கட்டியதுதான் குவெல்தாலஸ். பங்காளி ஒரு கட்சியில் இருந்தால் நாம் மறு கட்சி, அவ்வளவுதான்.

கேள்வி: நைட்போர்ன் ஏன் ஹோர்டுக்குப் போனாங்க? சுராமாரை மீட்க நைட் எல்ஃப் தலைவி டிராண்டேவும் வந்தாங்களே.

வந்தாள், சந்தேகத்தோடு வந்தாள். நைட்போர்ன் இனத்தின் ஊரான சுராமார் 10,000 ஆண்டுகள் கவசத்துக்குள் பூட்டிக்கொண்டு நைட்வெல் ஊற்றைக் குடித்து வாழ்ந்த நகரம். ஆர்க்வைன் என்ற மந்திர மதுவை நிறுத்தினால் ஆள் வற்றிப்போவான். தலைவி எலிசாண்டே லீஜனுக்குக் கதவைத் திறந்தாள், தலிஸ்ரா எதிர்த்தாள். டிராண்டே, தலிஸ்ராவின் முகத்தில் பழைய ஹைபோர்னைத்தான் பார்த்தாள். லியாட்ரின் தன்னையே பார்த்தாள். ஊற்று போனால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவள் அவள். அதனால் 2018இல் நைட்போர்ன் ஹோர்டில். லோர்தேமாரும் தலிஸ்ராவும் பிறகு கல்யாணமே செய்துகொண்டார்கள்.

கேள்வி: வாய்டு எல்ஃப் பற்றி ஒரு வரி?

இருட்டு சக்தியைப் படித்ததால் சில்வர்மூன் துரத்திய, உம்பரிக் என்ற மந்திரவாதியின் கூட்டம், அலேரியா பின்னால் அலையன்ஸுக்கு வந்தது. அலையன்ஸ்காரர்கள் பத்து வருடத்துக்கு மேல் ஹை எல்ஃப் கேட்டார்கள், நீலச் சாயம் பூசிக் கொடுத்தார்கள்.

கேள்வி: சில்வானஸ் கடைசியில எந்தப் பக்கம்?

அவள் பக்கம். நைட் எல்ஃப்கள் வாழ்ந்த டெல்ட்ராசில் மரத்தை எரித்தபோதும் ஹோர்டுக்காக எரிக்கவில்லை.

கேள்வி: அண்ணே, நீங்க எந்த ஃபேக்ஷன்? அப்புறம் லோர்தேமார் ஏன் இன்னும் மன்னர் ஆகல?

ஹோர்டு, 2007 முதல். லோர்தேமார் இன்றும் ரீஜன்ட் லார்டு (மன்னருக்குப் பதிலாக ஆள்பவர்) மட்டும்தான். மன்னர் செத்தார், வாரிசு விலைபோனார், இவர் சிம்மாசனத்தில் உட்காராமலே நாட்டை நடத்துகிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

என் தம்பி நைட் எல்ஃப். பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் ஒரே ரெய்டுக்குப் போக முடியவில்லை. 2022இல் இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடலாம் என்று திறந்துவிட்டார்கள். முதல் நாளே சேர்ந்து போனோம். ஹீல் மட்டும் எனக்குக் கடைசியில்தான் போட்டான்.