அலகு வளரவில்லை ஐயா: ஞாயிறு கேள்வி பதில்

கேள்வி (வேளச்சேரி): பஞ்சம் வந்ததும் ஏதோ தீவில் குருவிகளுக்கு அலகு பெரிதாகிவிட்டதாமே?

எந்தக் குருவிக்கும் பெரிதாகவில்லை. பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்றொரு குட்டித் தீவு, அங்கே பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதையெல்லாம் தீர்ந்து, மிஞ்சியதில் முக்கியமானது நெருஞ்சி. நம்மூரில் செருப்பைத் துளைக்குமே, அதன் பங்காளி. அந்த முள்ளுக்காயை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். மெல்லிய அலகுள்ளவைதான் அதிகம் பட்டினியில் செத்தன, பிழைத்தவற்றின் சராசரித் தடிமன் அரை மில்லிமீட்டர் போல உயர்ந்தது. தடிமன் தாய் தகப்பனிடமிருந்து வருவது, அதனால் அடுத்த ஆண்டுக் குஞ்சுகளுக்கும் தடித்த அலகு. நகர்ந்தது சராசரி, தனிக் குருவி அல்ல.

கேள்வி (பெரம்பூர்): அப்படியே தடித்துக்கொண்டே போகுமா?

போகாது. 1983இல் எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறி வானிலை மாறுவது, கொண்டுவந்த மழையில் சின்ன விதைகள் குவிந்தன, அடுத்த சில வருடம் சின்ன அலகுக்கு யோகம்.

கேள்வி (அம்பத்தூர்): என் பச்சைக்கிளிக்கு பாதாம் உடைக்கப் பழக்கினால் குஞ்சுக்கு அலகு பலமாகுமா?

ஆகாது, பழக்கத்தில் வந்த பலம் குஞ்சுக்குப் போகாது, முதல் பதிலில் சொன்னது பிறவித் தடிமன். அப்புறம், பச்சைக்கிளியை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கேள்வி (மயிலாப்பூர்): தீவுக் கதை இருக்கட்டும், சிட்டுக்குருவியைச் செல்போன் டவர் கொன்றதே?

வந்துவிட்டதா! இன்று இதைக் கேட்கும் ஏழாவது ஆள் நீங்கள். டவர்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஓட்டு வீட்டு இறவாணம் போயிற்று, கடை வாசலில் தானியம் சிந்துவதில்லை, குஞ்சுக்கு ஊட்டப் புழு இல்லை. எங்கள் தெருவில் டவருக்கு நேர் கீழே அரிசிக்கடை மீட்டர் பெட்டிக்குள் கூடு கட்டியிருக்கிறது, வைக்கோல் வெளியே தொங்குகிறது.

மயிலாப்பூர் மறுபடி: ஒரு கூடு சாட்சியாகுமா?

ஆகாது, நியாயம்தான். உங்கள் "எங்கள் மாடியில் காணோம்" என்பதும் ஆகாது. 1898இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸில் புயலில் விழுந்த 136 சிட்டுக்குருவிகளை பம்பஸ் என்பவர் எடுத்துவந்தார். 72 பிழைத்தன, 64 செத்தன. இரண்டு பக்கத்தையும் உட்கார்ந்து அளந்து ஒப்பிட்டார். டவர் உள்ள தெரு, இல்லாத தெரு, இரண்டிலும் எண்ணிக்கொண்டு வாருங்கள், நான் தோற்கத் தயார்.

கேள்வி (தாம்பரம்): வெயில் ஏற ஏற காக்கைக்கு அலகு நீளுமா?

முதல் பதில்.

கேள்வி (ராயபுரம்): டவர் பற்றி...

மயிலாப்பூர்க்காரரிடம் கேளுங்கள், எண்ணப் போயிருக்கிறார்.