விபத்து முடிந்தும் விடாத பயம்

கேள்வி: என் கணவர் சரக்கு வேன் ஓட்டுபவர். எட்டு மாதங்களுக்கு முன் எதிரே வந்த லாரி மோதியதில், அருகில் அமர்ந்திருந்த அவருடைய நண்பர் கண்ணெதிரே இறந்துபோனார். இவருக்குக் கால் எலும்பு கூடிவிட்டது, மனம்தான் தேறவில்லை. நள்ளிரவில் அலறிக்கொண்டு எழுகிறார். டீசல் வாடை பட்டாலே வியர்த்துக் கொட்டுகிறது. வேனைத் தொடுவதே இல்லை. டி.வி.யில் விபத்துச் செய்தி வந்தால் நான் ஓடிப்போய் அணைக்கிறேன். தூக்கத்துக்காகக் குடிக்கவும் ஆரம்பித்துவிட்டார். மாமியார் காத்துக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார். மைத்துனர் பயந்தாங்கொள்ளி என்கிறார். இது தீருமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலோருக்குப் பலனும் கிடைக்கிறது. நேரில் பரிசோதிக்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பவை பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறின் அடையாளங்களாகவே தெரிகின்றன. உயிருக்கு ஆபத்தான நிகழ்வுக்குப் பிறகு சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் படபடப்பதும் எவருக்கும் இயல்பு. அவை ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும்போதுதான் மருத்துவம் அதை நோயாகக் கொள்கிறது. உங்கள் கணவர் அந்த எல்லையைக் கடந்து பல மாதங்கள் ஆகிவிட்டன.

சாதாரண நினைவு 'அது அன்று நடந்தது' என்ற உணர்வோடு வரும். பேரதிர்ச்சியின் நினைவோ, காலம் இடம் என்ற ஒழுங்கில் சேராமல், வாடையாகவும் சத்தமாகவும் உடல் நடுக்கமாகவும் சிதறிக் கிடப்பதால், டீசல் வாடை பட்ட கணத்தில் மூளையின் அபாய உணர்வுப் பகுதியான அமிக்டலா விழித்துக்கொள்ள, விபத்து இப்போதே நடப்பதாக உடல் நம்பிவிடுகிறது. இதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது? போர்முனையில் நின்ற ராணுவ வீரர்களுக்கும் இதே நோய் வருகிறது என்பதை உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள்.

அன்பினால் நீங்கள் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விபத்துச் செய்தி வந்ததும் டி.வி.யை நீங்கள் அணைப்பதும், வேனைத் தொடாமல் அவர் விலகியிருப்பதும் அந்த நேரத்துக்கு நிம்மதி தரும். ஆனால், ஒவ்வொரு முறை விலகும்போதும் 'விலகியதால்தான் தப்பித்தேன்' என்றே மூளை கற்றுக்கொள்வதால், பயம் குறையாமல் வேரூன்றுகிறது. அதற்காக அவரை வலுக்கட்டாயமாக வேனில் ஏற்றிவிடாதீர்கள். அது நிலைமையை மோசமாக்கும். அந்த நினைவை நெருங்குவது பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, படிப்படியாக நடக்க வேண்டும்.

இதற்கு முதன்மைச் சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சைதான். பாதுகாப்பான அறையில் அன்று நடந்ததை முதலிலிருந்து முடிவுவரை பலமுறை சொல்லவைத்து, ஒதுக்கிவைத்த இடங்களைச் சிறிது சிறிதாக அணுகவைப்பார்கள். 'அவனை நான் அழைத்துப் போகாமல் இருந்திருந்தால்' என்பது போன்ற குற்ற உணர்வு உள்ளே கிடந்தால், அதையும் எடுத்துப் பேசுவார்கள். கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். என்ற முறையும் பலன் தருகிறது. பொதுவாக வாரம் ஒரு முறை என்று சில மாதங்கள் ஆகும்; தொடக்க வாரங்களில் கனவுகள் சற்று அதிகரிக்கலாம், அதைக் கண்டு பாதியில் நிறுத்திவிட வேண்டாம்.

தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மருந்தை மனநல மருத்துவர் எழுதித் தருவார். அது வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்: டயஸிபாம் வகை மாத்திரைகள் இந்த நோயைக் குணமாக்குவதில்லை, பழக்கமாகிவிடும், குடியோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடலாம். குடியைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால், நாள்தோறும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், அதையும் மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். கோயிலுக்குப் போவதால் அவர் மனம் ஆறுமென்றால் போகட்டும். அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது போன்றவற்றை மட்டும் எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள்.

இந்த வாரமே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் வரத் தயங்கினால், முதலில் நீங்கள் மட்டும் 14416 என்ற, டெலி மானஸ் எனப்படும் அரசு மனநல உதவி எண்ணை அழைக்கலாம்; இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசுவார்கள். 'செத்துப்போயிருக்கலாம்' என்று அவர் சொல்வதுண்டா என நீங்கள் எழுதவில்லை. அதை அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுவிடுங்கள்.