விஷக் கிழங்கைச் சோறாக்கும் கைகள்: அமேசான் காடு பற்றி வாசகர்கள் கேட்டவை

அமேசான் மழைக்காட்டு மக்கள் செடிகொடிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு வந்த கேள்விகளில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பலரும் செடியின் பெயரைத்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ அதைப் பக்குவப்படுத்தும் விதம்தான் பெரிதாகத் தெரிகிறது. முதல் பதிலிலேயே அது ஏன் என்று புரியும்.

எங்கள் ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளித் தழை தின்று ஆடு செத்திருக்கிறது. அமேசானில் கசப்பு மரவள்ளியைத் தினமும் சாப்பிடுகிறார்களாமே, எப்படி?

உங்கள் ஆட்டைக் கொன்றதும் கசப்புக் கிழங்கில் வருவதும் ஒரே விஷம்தான், சயனைடு. ஆனால் முழுக் கிழங்குக்குள் அது சயனைடாக இருப்பதில்லை. லினமரின் என்ற பொருள் ஓரிடத்திலும் அதை உடைக்கிற நொதி வேறிடத்திலும் இருக்கும். மெல்லும்போதோ துருவும்போதோ இரண்டும் கலந்து விஷம் பிறக்கிறது.

அமேசான் பெண்கள் இந்தக் கலப்பை வயிற்றுக்கு வெளியிலேயே நடத்தி முடித்துவிடுகிறார்கள். கிழங்கின் தோலைச் சீவி, நைசாகத் துருவி, அந்த ஈர மாவை டிப்பிட்டி என்ற கூடையில் அடைக்கிறார்கள். கூடை என்றால் நம்மூர்க் கூடை மாதிரி இருக்காது. பனை வகை நாரில் சாய்வாகப் பின்னிய நீளமான குழாய், கிட்டத்தட்ட ஆள் உயரம். மேல் முனையை உத்தரத்தில் மாட்டி, கீழ் வளையத்தில் ஒரு கம்பைச் செருகி அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். குழாய் இழுபட இழுபடக் குறுகி, மாவைப் பிழிந்து சாற்றை வடித்துவிடும். ஆணியும் இல்லை, இயந்திரமும் இல்லை. பின்னலின் சாய்வுதான் முழு வேலையையும் செய்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு தீராத பொருள் அது.

பிழிந்த மாவை அகலமான தட்டில் வறுக்கும்போது மிச்சமும் போய்விடும். ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிற பொருள். வடித்த சாற்றையும் கொட்டுவதில்லை. அடியில் படியும் வெள்ளை மாவைத் தனியாக எடுத்துக்கொண்டு, மேல்நீரை நெடுநேரம் கொதிக்கவைத்து டுக்குப்பி என்ற புளிப்புச் சாறாக்கி மீனுக்கு ஊற்றிச் சமைப்பார்கள். அந்த வெள்ளை மாவுக்குப் பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழியில் இருந்த பெயரிலிருந்துதான் ‘டேப்பியோகா’ என்ற சொல் வந்தது. உங்கள் பக்கத்துச் சேகோ மில்களில் அரைத்து, கரைத்து, படியவைத்து ஜவ்வரிசிக்கு மாவு எடுப்பதும் இதே வேலைதான்.

வீட்டில் கிழங்கு அவிக்கிறவர்கள் தோலை முழுதாக எடுத்துவிட்டு, மூடாமல் அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள்.

விஷ அம்பு எய்து வீழ்த்திய விலங்கைத் தின்றால் நமக்கு விஷம் ஏறாதா?

ஏறாது. அம்பு நுனியில் தடவும் கொடி விஷத்துக்குக் குராரே என்று பெயர். அது ரத்தத்தில் கலந்தால்தான் வேலை செய்யும், குடல் அதை உறிஞ்சுவது மிகவும் குறைவு. நரம்பிலிருந்து தசைக்கு வரும் கட்டளையை அது மறித்துவிடுகிறது. தசைகள் தளர்ந்து, மூச்சு விடவும் முடியாமல் விலங்கு இறக்கிறது, இதயம் மட்டும் சற்று நேரம் துடித்துக்கொண்டிருக்கும். தசையைத் தளர்த்தும் இந்தக் குணத்துக்காகவே 1942-ல் மாண்ட்ரியலில் அறுவைச் சிகிச்சையின்போது மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அதன்பின் மயக்கவியலே மாறியது.

குராரே தரும் கொடிகளில் சில நம் எட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தவை. அதற்காக எட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். அது உடம்பை முறுக்கி வலிப்பை வரவழைக்கிற விஷம், எதிர்த்திசையில் கொல்வது. சாப்பிட்டாலே ஆபத்து.

கடைகளில் ‘கருப்பு மருதாணி’ என்று விற்பது அமேசான் பழச்சாறா?

பெரும்பாலும் இல்லை. தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் கலந்ததாக இருக்கலாம், தோல் கொப்பளித்துத் தழும்பாகிவிடும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். அமேசான் மக்கள் பூசுவது ஜெனிபாபோ காயின் சாறு. பூசும்போது நிறமே தெரியாது என்பதால், கயாப்போ பெண்கள் கோலம் கண்ணுக்குத் தெரிவதற்காகக் கரித்தூள் கலந்துகொள்வார்கள். சில மணி நேரத்தில் கருநீலமாகும். மருதாணி போலவே தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டு வாரம் நிற்கும்.

என் தாத்தா மலாயா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்த மரம் உண்மையிலேயே அமேசானுடையதா?

ஆமாம். வெள்ளைக்காரர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்குள்ள மக்கள் அந்தப் பாலைக் களிமண் அச்சின்மேல் அடுக்கடுக்காகப் பூசி, புகையில் காட்டி, பிறகு உள்ளே இருக்கும் மண்ணை உடைத்தெடுத்துக் குப்பிகள் செய்தார்கள். ஒமாகுவா மக்கள் பீச்சாங்குழல் செய்தார்கள். பிரேசிலில் ரப்பர் மரத்துக்கு ‘செரிங்கெய்ரா’ என்ற பெயர் வந்தது அந்தக் குழலால்தான். பால் இறுகவும் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் உதவியது புகை.

1876-ல் ஹென்றி விக்காம் சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. உங்கள் தாத்தா நின்ற தோட்டத்தின் தொடக்கம் இங்கேதான் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தோட்ட ரப்பர் பெருகுவதற்கு முன், புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில் காட்டு ரப்பருக்காக ஹுயிட்டோட்டோ, போரா என்ற பழங்குடி மக்களை ரப்பர் கம்பெனிக்காரர்கள் அடிமைப்படுத்திச் சவுக்கால் அடித்துக் கொன்றார்கள். 1910-ல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் நேரில் போய் விசாரித்து அதை வெளியே கொண்டுவந்தார். பாலைப் பதப்படுத்தும் வித்தையை உலகுக்குக் காட்டிய மக்களுக்கு நேர்ந்தது இது.

அமேசான் கரிமண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு, தோட்டத்தில் அடுப்புக்கரியைத் தூளாக்கிப் போட்டேன். செடிகள் மஞ்சளாகிவிட்டன. எங்கே தவறு?

கரியை வெறுமனே போட்டதுதான் தவறு. காய்ந்த கரி மண்ணிலுள்ள சத்தைத் தன் துளைகளுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், செடிக்குத் தழைச்சத்து குறைந்துவிடும். அமேசான் கரிமண்ணில் கரியோடு மீன்முள், எலும்பு, சாம்பல், சமையல் கழிவு, உடைந்த பானை ஓடுகள் எல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கின்றன. ஷிங்கு ஆற்றுப் பகுதியில் குயிக்குரோ மக்கள் இன்றைக்கும் சாம்பலையும் கழிவையும் குவித்து இப்படி மண்ணை உண்டாக்குகிறார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: மஞ்சளான செடிகளுக்குக் கொஞ்சம் தொழுவுரமோ பிண்ணாக்குக் கரைசலோ கொடுங்கள். அடுத்த முறை கரித்தூளைச் சாணக் கரைசலில் இரண்டு மூன்று வாரம் ஊறவைத்து, மட்கிய உரத்தோடு கலந்து போடுங்கள். அதற்கு முன் மண் பரிசோதனை அவசியம். அமேசான் மண் புளிப்பானது, கரியும் சாம்பலும் அதைச் சரிக்கட்டுகின்றன. நம் பக்கம் பல இடங்களில் மண் ஏற்கெனவே களர்த்தன்மை உள்ளது. உங்கள் மண்ணும் அப்படி என்றால் சாம்பலைத் தவிர்த்துவிட்டு, கரியையும் ஒரு சின்னப் பாத்தியில் மட்டும் போட்டுப் பாருங்கள்.